பொது வாழ்வுக்கு வந்த பெண் பிள்ளை
(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடையில் பேசியதை அப்படியே எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். பேசும்போது எதிரில் முகங்கள் இருந்தன. எழுதும்போது காகிதம்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் என் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கொண்டே எழுதுகிறேன். பேச்சு நடை அங்கங்கே தலை காட்டினால் பொறுத்துக் கொள்ளுங்கள். நான் தெப்ராவ் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இலக்கண சுத்தமாகப் பேசு என்றால் எனக்குப் பாதிப் பேச்சு வராது.

இன்று பரிசு வாங்கிய மாணவர்களின் பெயர்ப் பட்டியலை இந்த மலரில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எத்தனை பெயர் பெண் பிள்ளைகளின் பெயர்? எண்ணி முடித்த பிறகு இன்னொன்றையும் செய்து பாருங்கள். நம் வட்டாரத்தில் உள்ள கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், குடியிருப்பாளர் சங்கம் இவற்றின் நிர்வாகக் குழுப் பட்டியலை எடுத்து, அதிலே எத்தனை பெண் பெயர் என்று எண்ணுங்கள். பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் நின்ற பிள்ளை முப்பது வருஷம் கழித்துக் கூட்டத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது? பெரும்பாலும் கடைசி வரிசையில். அல்லது பின்கட்டில் தேநீர் கலக்கிக் கொண்டிருக்கிறது. இந்தக் கணக்குதான் என்னை இன்று பேச வைத்தது.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி தாருங்கள்.

எனக்கு ஓர் அக்காள் உண்டு. படிப்பில் கெட்டிக்காரி. தோட்டப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை அவள்தான் முதல் மாணவி. 1966-ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பை முடித்தாள். புகுமுக வகுப்புக்குப் போக வேண்டுமானால் பாரம் ஒன்றில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பால் மரம் வெட்டும் தொழிலாளி. நல்ல மனிதர். அவரை நான் குறை சொல்லவில்லை. விடியற்காலை இருட்டிலே பெரட்டுக்குப் போய், வெயில் ஏறிய பிறகு பால் சுமந்து திரும்பி வருகிறவருக்கு, பஸ்ஸில் ஏறிப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண் பிள்ளையை நினைத்தாலே பயம். "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்மா. தம்பிகளைப் பார்த்துக்க ஆள் வேணும்ல" என்றார். பாரம் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டது. அங்கேயே மஞ்சள் பூத்துப் போனது. அக்காள் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கப் போனாள். அவள் பார்த்துக் கொண்ட தம்பிகளில் ஒருவன் படித்து ஆசிரியராகி, ஓய்வும் பெற்று, இன்று உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்திருக்கிறான்.

இந்தக் கதையை இங்கே நிறுத்தி வைக்கிறேன். முடிக்கும்போது திரும்பி வருகிறேன்.

இன்று நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்பும் பெண்மணி ஜானகி ஆதி நாகப்பன் அவர்கள். பெரியவர்கள் சிலருக்குத் தெரிந்த பெயர். மாணவர்களுக்குத் தெரியாது. அது மாணவர்களின் குற்றமன்று. சொல்லித் தராத நம் குற்றம்.

1925-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார் ஜானகி. அப்போது அவர் பெயர் ஜானகி தேவர். லயத்து வாழ்க்கையோ, பெரட்டுக் களமோ அறியாத வீடு. அவருக்குப் பதினேழு வயது நிறையும் தறுவாயில் மலாயாவின் தலையெழுத்து மாறியது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 31-இல் பிரிட்டிஷ் படை நம் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, பின்னால் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் பின்வாங்கியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

அந்தக் காலத்தில் தோட்டங்களின் நிலை என்ன தெரியுமா? ரப்பர் வாங்க ஆளில்லை. துரைமார் ஓடிவிட்டார்கள். அரிசி கிடையாது. மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் தமிழர்கள் திரும்பி வரவே இல்லை. இங்கே இருக்கிற எத்தனையோ குடும்பங்களில் "தாத்தா சயாமுக்குப் போனார்" என்ற ஒரே ஒரு வாக்கியம் மிச்சம் இருக்கும். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அந்த இருட்டில்தான் 1943 ஜூலை மாதம் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். வங்காளத்து மனிதர். தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் பேசிய இடமெல்லாம் தமிழர் கூட்டம் அலைமோதியது. இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், பொருள் வேண்டும் என்று கேட்டார். அதோடு யாரும் எதிர்பாராத ஒன்றையும் கேட்டார். பெண்கள் படை ஒன்று வேண்டும் என்றார். 1858-இல் போர்க்களத்தில் மாண்ட ஜான்சி ராணியின் பெயரை அந்தப் படைக்குச் சூட்டினார்.

கோலாலம்பூரில் நேதாஜி பேசிய கூட்டத்துக்கு ஜானகி போயிருந்தார். பதினெட்டு வயது. உள்ளதைக் கொடுங்கள் என்ற குரலைக் கேட்டதும் காதில் போட்டிருந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

தாய்மார்களே, இதை நீங்கள்தான் புரிந்து கொள்ள முடியும். கல்யாண வயதில் உள்ள பெண் வெறுங்காதோடு வீட்டுக்குத் திரும்பினால் என்ன நடக்கும்? அதோடும் நிற்கவில்லை. பெண்கள் படையில் சேரப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். வீட்டில் கடும் எதிர்ப்பு. தகப்பனார் முடியவே முடியாது என்றார். அவர் கோணத்தில் நின்று பாருங்கள். ஊரெங்கும் ஜப்பானியச் சிப்பாய்கள். வயசுப் பெண்களை வெளியே அனுப்பவே வீடுகள் நடுங்கிய காலம். அந்த நேரத்தில் மகள் காக்கி உடுப்புப் போட்டுத் துப்பாக்கி பிடிக்கப் போகிறேன் என்கிறாள். எந்த அப்பா சரி என்பார்?

ஜானகி வீட்டை விட்டு ஓடவில்லை. மன்றாடினார். வாதாடினார். விடாமல் கேட்டார். கடைசியில் அந்தத் தகப்பனார் சம்மதித்தார்.

ஜானகியின் துணிச்சலைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. அந்தத் தகப்பனாரின் துணிச்சலைப் பற்றி யாரும் அதிகமாக எழுதவில்லை. மனசு இடம் கொடுக்காத ஒன்றுக்கு மகளுக்காகச் சம்மதம் தருவது சின்னக் காரியம் இல்லீங்க. நான் அதைப் பற்றி அடிக்கடி நினைப்பேன். ஏன் நினைப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தரை வழியே போன எவரும் நம் ஜொகூர்ப் பாலத்தைத்தான் கடக்க வேண்டியிருந்தது. வடக்கே பேராக்கிலிருந்தும், சிலாங்கூரிலிருந்தும், நெகிரி செம்பிலானிலிருந்தும் அந்தப் படையில் சேரப் போன பெண்கள் எல்லாருக்கும் வாசல் இதுதான். அடுத்த முறை பாலத்தில் வாகன நெரிசலில் மாட்டிக் கொண்டு முணுமுணுக்கும்போது அந்தப் பெண்களைக் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள்.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. படைக்குத் தலைவி டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் பிறந்து, அங்கேயே மருத்துவம் படித்து, 1940-இல் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவம் பார்த்தவர். கேப்டன் லட்சுமி என்று சரித்திரம் அறியும் பெயர் இதுதான். சேர்ந்தவர்களில் படித்த வீட்டுப் பெண்கள் சிலர். மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் பெண் பிள்ளைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லாதவர்கள்தான் அதிகம். விடியற்காலையில் எழுந்து கொடி ஏற்றம், உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, வகுப்புகள் என்று நாள் முழுக்க வேலை. நீளக் கூந்தலை வெட்டிக் கொண்டவர்களும் உண்டு.

ஜானகி முதலில் தடுமாறிப் போனார். செல்லமாக வளர்ந்த பெண் அல்லவா? முகாம் வாழ்க்கையின் கடுமை அவருக்கு ஒத்துவரவில்லை. போகப் போகத்தான் பழகிக் கொண்டார். மாணவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வீரர்கள் முதல் நாளே வீரராக இருப்பதில்லை. முதல் நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். இரண்டாம் நாளும் கஷ்டமாக இருக்கும். அப்படிப் பழகி வந்த ஜானகிதான் கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலையில், படையின் இரண்டாவது தலைவியாக உயர்ந்தார்.

1944-இல் அவர்களில் பலர் பர்மாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இம்பால் நோக்கிப் போன படையெடுப்பு அந்த ஆண்டு நடுப்பகுதியிலேயே தோல்வியில் முடிந்தது. முன்னணிக்குப் போய்ப் போரிடும் வாய்ப்பு பெண்கள் படைக்கு வரவே இல்லை. காயம் பட்டவர்களையும், மலேரியா பிடித்தவர்களையும் கவனித்துக் கொண்டார்கள்.

1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கியது. பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் தான் வெளியேற முடியாது என்று நேதாஜி உறுதியாக நின்றார். ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு அவரும், ஜானகியின் தலைமையில் இருந்த பெண்களும் ரங்கூனை விட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் லாரி. பிறகு கால்நடை. பகலில் விமானக் குண்டுக்குப் பயந்து மரத்தடியில் ஒளிந்து கொள்வார்கள். இரவில் நடப்பார்கள். சேறு, மழை, சித்தாங் ஆறு. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துப் பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது ஜானகிக்கு வயது இருபது. அந்தப் பெண்கள் உயிரோடு வீடு திரும்ப வேண்டிய பொறுப்பு அந்த இருபது வயதுப் பெண்ணின் தோளில் இருந்தது.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஜப்பானியரோடு கைகோத்தது சரியா? இந்த நாட்டில் சீனர்களைக் கொன்று குவித்தவர்கள், நம் சனங்களையே சயாமுக்குக் கொண்டு போனவர்கள் அல்லவா அவர்கள்? இதை மறைத்துப் பேசுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். அந்தக் கூட்டணிக்குப் பின்னால் கசப்பான கணக்குகள் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் எடுத்துக் கொண்டது வெள்ளைக்காரன் ஆட்சி போக வேண்டும் என்ற ஒரே ஒரு நினைப்பைத்தான். மரத்தடியில் குனிந்தே பழகிய தோட்டத்துப் பெண், முதல் முறையாக நிமிர்ந்து அணிவகுத்தாள். போர் தோற்றது. நிமிர்ந்தவள் நிமிர்ந்தவள்தான்.

அன்பர்களே, இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு வீரக் கதை. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. ஜானகி மலாயாவுக்குத் திரும்பினார். காதில் தோடு இல்லை. கையில் துப்பாக்கியும் இல்லை. நாடு பசியிலும் நோயிலும் கிடந்தது. தோட்டங்களில் விதவைகள், அநாதைப் பிள்ளைகள், சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்கள். 1946-இல் இந்தியத் தேசியக் காங்கிரஸ் இங்கே ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. அதில் சேர்ந்து தொண்டு செய்தார் ஜானகி. ஒரு படையின் இரண்டாவது தலைவியாக இருந்தவர், நோயாளிகளுக்கு உதவும் வேலைக்குப் போனார். பட்டம் பதவி பார்க்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. ம.இ.கா. என்று இன்று நாம் சொல்லும் கட்சி. அதன் முதல் தலைவர் வழக்கறிஞர் ஜான் திவி. அவருக்குத் துணை நின்று அந்தக் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜானகி. வயது இருபத்தொன்று. அந்தக் கட்சியைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கலாம், மாறுபட்ட அபிப்பிராயமும் இருக்கலாம். நான் இங்கே கட்சி பேச வரவில்லை. இந்நாட்டு இந்தியர்களின் அரசியல் தொட்டிலை ஆட்டிய கைகளில் ஒரு பெண்ணின் கையும் உண்டு என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பதினெட்டு வயதில் ஜானகி போராடப் போனது இந்தியாவுக்காக. அவர் பிறந்ததோ மலாயாவில். 1947-இல் இந்தியா விடுதலை அடைந்தது. இனி நாம் எந்த மண்ணின் மக்கள் என்ற கேள்வி இங்குள்ள ஒவ்வொரு இந்தியன் முன்னாலும் நின்றது. கப்பல் ஏறியவர்கள் ஏறினார்கள். ஜானகி இங்கேயே இருந்தார். பிறந்த மண்ணில் நம் மக்களின் குடியுரிமைக்கும் வாழ்வுக்கும் வழி தேட வேண்டிய வேலை இங்கே இருந்தது. ம.இ.கா. 1954-இல் கூட்டணியில் சேர்ந்தது. 1957 ஆகஸ்டு 31-இல் மெர்டேக்கா வந்தது. பார்த்திராத நாட்டுக்காகத் தோட்டைக் கொடுத்தவர், பிறந்த நாட்டுக்கு ஆயுளைக் கொடுத்தார்.

அவர் மணந்து கொண்டது ஆதி நாகப்பன் அவர்களை. தமிழ் நேசன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், வழக்கறிஞர், ம.இ.கா.வின் முன்னணித் தலைவர். நாட்டின் ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்த அரச ஆணையக் குழுவுக்குத் தலைமை ஏற்று, 1968-இல் அறிக்கை தந்தவர் அவர்தான். நம் ஊர்க் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு இவற்றை யார் கவனிப்பது என்ற விவாதம் வரும்போதெல்லாம் இன்றும் அந்த அறிக்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். 1976-இல் அவர் காலமானார்.

இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு. நம் ஆசியாவில் பெண்கள் நாட்டையே ஆண்டிருக்கிறார்கள். இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960-இல் பிரதமரானார். உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். இந்தியாவில் இந்திரா காந்தி 1966-இல், பாகிஸ்தானில் பெனசீர் பூட்டோ 1988-இல், நம் தெப்ராவ் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் உழைக்கும் வங்காளதேசத் தம்பிமாரின் நாட்டில் காலிதா ஸியா 1991-இல், ஷேக் ஹசீனா 1996-இல். எல்லாரும் திறமைசாலிகள்தாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிறிமாவோவும் காலிதாவும் கொலையுண்ட தலைவர்களின் மனைவிமார். மற்ற மூவரும் நாட்டை ஆண்ட தலைவர்களின் மகள்மார். அப்பா பெயரோ, கணவர் பெயரோ கதவைத் திறந்து விட்டது. ஜானகிக்குக் கதவைத் திறந்து விட்டது யார்? அப்பா முதலில் கதவைச் சாத்தினார். கணவர் வருவதற்கு முன்பே அவர் படை நடத்தி முடித்து, கட்சி அமைப்பதிலும் பங்கு கொண்டுவிட்டார். இன்று நாம் ஆதி நாகப்பன் என்ற பெயரோடு சேர்த்தே அவரை அழைக்கிறோம். ஜானகி தேவராக அவர் சம்பாதித்த கணக்கு தனியாக இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பிற்காலத்தில் அவர் மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினராக, அதாவது செனட்டராக நியமிக்கப்பட்டார். மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நம் நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். மக்களவைக்கு நாம் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறோம். மேலவையான டேவான் நெகாராவில் 70 இடங்கள். ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். அப்படி 26 பேர். மீதி 44 பேரைப் பேரரசர் நியமிப்பார். தொழிலிலோ, கலையிலோ, சமூகத் தொண்டிலோ சிறந்தவர்களையும், சிறுபான்மை மக்களின் பிரதிநிதிகளையும் நியமிக்கலாம் என்று நம் அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. மக்களவையில் நிறைவேறும் மசோதா மேலவைக்கு வந்து, அங்கேயும் விவாதிக்கப்பட வேண்டும். சிறுபான்மை மக்களின் குரல் சட்டத்தின் காதில் விழுவதற்கு ஏற்பட்ட இடம் அது. அந்த இடத்தில் ஜானகி அமர்ந்தார்.

இந்திய அரசு 2000-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014 மே 9-ஆம் தேதி, 89-ஆம் வயதில், தம் இல்லத்தில் காலமானார்.

ஜானகி ஒருவர் மட்டும் இப்படி வாழ்ந்தார் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த முகாமிலிருந்து வந்த வேறு இரண்டு பேரைச் சொல்கிறேன். ஈப்போவைச் சேர்ந்த ராசம்மா பதினாறு வயதில் தம் அக்காளோடு படையில் சேர்ந்தார். திரும்பி வந்து படித்துப் பட்டம் பெற்று ஆசிரியையானார். ராசம்மா பூபாலன் என்றால் ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே தகுதி. ஆனால் ஆசிரியைக்கு ஆசிரியரை விடக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம் அது. 1960-இல் பெண் ஆசிரியைகளுக்குச் சங்கம் அமைத்து, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். இன்று நம் பள்ளி ஆசிரியைகள் வாங்கும் சம்பளச் சீட்டில் அந்தப் போராட்டத்தின் பங்கும் இருக்கிறது.

கேப்டன் லட்சுமி இந்தியாவுக்குத் திரும்பிக் கான்பூரில் மருத்துவம் பார்த்தார். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக் கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, முகாமுக்கே போய் வைத்தியம் செய்தார். அந்த அகதிகளின் நாடுதான் பிறகு வங்காளதேசம் ஆனது. நாடாளுமன்ற மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். 2002-இல் தம் 87-ஆம் வயதில் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாம் அவர்களை எதிர்த்து நின்றார். தோற்பது உறுதி என்று தெரிந்தே நின்றார். நின்றதும் ஒரு கருத்துதான். தேர்தல் முடிந்ததும் மறுபடி நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். 2012-இல் மறையும் வரை அதுதான் அவர் வாழ்க்கை.

மூவரும் மூன்று வழியில் போனார்கள். ஒருவர் கட்சி, ஒருவர் சங்கம், ஒருவர் மருத்துவம். முகாமில் அவர்கள் இருந்தது இரண்டு ஆண்டுகூட நிறைவாக இராது. அதற்குப் பிறகு உழைத்தது ஐம்பது, அறுபது ஆண்டுகள். நாம் இரண்டு ஆண்டைக் கொண்டாடுகிறோம். அறுபது ஆண்டை மறந்து விடுகிறோம். தோட்டைக் கழற்ற ஒரு நிமிஷம் போதும். கழற்றிய காதோடு ஆயுள் முழுக்கக் கூட்டத்துக்குப் போய், மனு எழுதி, வாதாடி, தோற்று, மறுநாளும் போவதற்குத்தான் பொது வாழ்வு என்று பெயர்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தெப்ராவ் மாறிவிட்டது. பால் மரம் நின்ற இடத்தில் தாமான் வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. பெரட்டுச் சங்குச் சத்தம் என் காதில் மட்டும்தான் கேட்கிறது. பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பாத வீடு இன்று அநேகமாக இல்லை. அது பெரிய வெற்றி. ஆனால் 2022 பொதுத் தேர்தலில் நம் நாடாளுமன்றத்தின் 222 இடங்களுக்கு வென்று போனவர்களில் ஏழில் ஒருவர்கூடப் பெண் இல்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கு ஏன் போக வேண்டும்? நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தாய்மார்கள். கழிவறைக் குழாய் உடைந்திருப்பதும், வேன்காரர் நேரம் தவறி வருவதும், சிற்றுண்டிச் சாலையில் என்ன விலை என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். கேள்வி நேரத்தில் எழுந்து பேசுகிறவர்கள் யார்? தாய்மார்கள் பக்கத்தில் உள்ளவரிடம் கிசுகிசுப்பார்கள். "நீங்களே எழுந்து சொல்லுங்கம்மா" என்றால், "ஐயோ வேணாம் சார், வீட்டுல சத்தம் போடுவாங்க" என்பார்கள்.

வீட்டுல யாருங்க சத்தம் போடுறது? நாமதானே? அப்பாமார்களே, அண்ணன்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

என் அக்காளுடைய கதையை நிறுத்தி வைத்தேன் அல்லவா? அக்காளுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு அவள் குடியிருக்கும் அடுக்கு மாடியில் தண்ணீர்ப் பிரச்சினை. மூன்று வாரம் ஆகியும் யாரும் கேட்கவில்லை. அக்காள் ஒரு காகிதத்தை எடுத்து, ஆறாம் வகுப்பில் கற்ற அந்த முத்து முத்தான கையெழுத்தில் ஒரு மனு எழுதினாள். தமிழில்தான் எழுதினாள். பேத்தியை விட்டு அதை மலாய் மொழியில் மாற்றி எழுத வைத்தாள். மாடிப்படி ஏறி இறங்கி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். சீன வீடு, மலாய் வீடு, ஒன்றையும் விடவில்லை. பத்து நாளில் தண்ணீர் வந்தது. நான் ஆச்சரியப்பட்டு, "எப்படிக்கா செஞ்ச?" என்று கேட்டேன். சிரித்துக் கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு அப்பா ஒரு கையெழுத்துப் போடல. இன்னிக்கு எண்பது பேர் போட்டாங்க."

நான் பதில் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அறுபது வருஷமாக அந்தத் திறமை எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறது. அந்தப் பாரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால் அவள் எங்கே போயிருப்பாள்? மேலவைக்கே போயிருப்பாளோ, என்னமோ. அல்லது நல்ல ஆசிரியையாக இருந்திருப்பாள். அவள் எதுவாக ஆகியிருந்தாலும், பெற்றது இந்த ஊராக இருந்திருக்கும். இழந்ததும் இந்த ஊர்தான்.

ஆகவே பெற்றோர்களே, என் வேண்டுகோள் இரண்டே இரண்டு. முதலாவது, இன்று பரிசு வாங்கிய உங்கள் மகள் நாளைக்கு ஒரு பாரத்தைக் கொண்டு வந்து நீட்டுவாள். மேற்படிப்புப் பாரமாக இருக்கலாம். பேச்சுப் போட்டிக்கு வெளியூர் போகும் அனுமதிக் கடிதமாக இருக்கலாம். பிறகு ஒரு காலத்தில் சங்கத் தேர்தலுக்கோ, பொதுத் தேர்தலுக்கோ வேட்பு மனுவாகவும் இருக்கலாம். பயமாகத்தான் இருக்கும். ஜானகியின் தகப்பனாருக்கும் பயமாகத்தான் இருந்தது. அவர் நினைவோடு பேனாவை எடுங்கள். இரண்டாவது, வருகிற பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் தாய்மார்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும். ஒருவராவது நிர்வாகப் பொறுப்புக்குப் போட்டியிட வேண்டும். அன்றைக்குத் தேநீர் கலக்குகிற வேலையை நாங்கள் ஆண்கள் பார்த்துக் கொள்கிறோம். சர்க்கரை கூடக்குறைய இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தோட்டை யாரும் கேட்கவில்லை. அதைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் குரலைத்தான் கேட்கிறோம். வகுப்பில் விடை தெரிந்தால் கையைத் தூக்குங்கள். தெரியாவிட்டால் கேள்வி கேட்கக் கையைத் தூக்குங்கள். அந்தப் பழக்கம் உங்களை எங்கே கொண்டு போகும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. கோலாலம்பூரில் ஒரு கூட்டத்தில் காதுக்குக் கையைக் கொண்டு போன அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

பரிசு பெற்றவர்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாதவர்களுக்கு இரட்டிப்பு வாழ்த்துகள். உங்களுக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது. இந்த மலரை வாசித்து முடித்ததும் மூலையில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் உள்ள அக்காளிடமோ, அம்மாவிடமோ, பாட்டியிடமோ கொடுத்து, இந்தக் கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.